நூறு டிகிரிக்குக் கீழே பழம், மேலே பொன்னிறம்

ஓவனின் வெப்பமானி 190 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு. அடியில் சர்க்கரையில் ஊறிய பீச் துண்டுகள், மேலே மாவு. முக்கால் மணி நேரம் அந்தச் சூட்டில் கிடந்தாலும் பீச் துண்டுகள் நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை. இரண்டு விரற்கடை மேலே, மாவின் மேற்பரப்போ 150 டிகிரியை எட்டிச் சிவந்து மொறுமொறுக்கிறது. பீச் காப்ளர் என்ற அமெரிக்க இனிப்பு நன்றாக வருவதும் சொதப்புவதும் இந்த இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளியை உண்டாக்குவது தண்ணீர்.

அறைச் சூட்டில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 315 ஜூல் வெப்பம் போதும். கொதிநிலைக்கு வந்துவிட்ட அதே ஒரு கிராமை ஆவியாக மாற்ற 2,257 ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல். ஆகவே ஈரம் மிஞ்சியிருக்கும் இடத்தில் ஓவன் எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அது ஆவியாவதற்கே செலவாகிறது, வெப்பநிலை ஏறுவதில்லை. பீச்சில் நூற்றுக்கு 89 பங்கு தண்ணீர். கொட்டை நீக்கிய ஒரு கிலோ பழத்தில் 890 கிராம். அவ்வளவும் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடப் போவதில்லை. சர்க்கரை கரைந்தால் கொதிநிலை ஏறும் என்பது உண்மை. ஆனால் காப்ளரில் போடும் அளவுக்கு அது ஒரு டிகிரிகூட ஏறாது. பழம் வெந்துகொண்டிருக்கும், ஒருபோதும் வறுபடாது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காப்ளருக்கென்று ஒரே செய்முறை கிடையாது. வீட்டுக்கு வீடு மாறும். எது அசல் என்று வாக்குவாதமும் நடக்கும். பெரும்போக்காகப் பார்த்தால் மூன்று வகை. பழத்தின்மேல் பிஸ்கட் மாவைக் கரண்டியால் அள்ளி அங்கங்கே வைப்பது ஒன்று (அந்த ஊர் பிஸ்கட் டீயில் தொட்டுத் தின்பதல்ல, பேக்கிங் பவுடரால் உப்பிய மெத்தென்ற சிறு ரொட்டி). உருக்கிய வெண்ணெயில் கரைத்த மாவை ஊற்றி, அதன்மேல் பழத்தைப் பரப்புவது இன்னொன்று. ‘ஆப்பிள் பை’க்குப் பிசைவதுபோல் பிசைந்த மாவைத் தேய்த்துப் பழத்தை மூடுவது மூன்றாவது.

மூன்றில் மூத்தது கடைசியாகச் சொன்னதுதான். 1839இல் லெட்டிஸ் பிரையன் என்ற பெண்மணி ‘தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்’ என்ற சமையல் புத்தகத்தை வெளியிட்டார். பீச் காப்ளருக்கு அச்சில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அதில் இருக்கிறது. அன்று பல வீடுகளில் மூடியின்மேல் தணலைக் கொட்டக்கூடிய கனத்த வார்ப்பிரும்புச் சட்டிதான் ஓவன். நன்றாகக் கனிந்த பழம் வேண்டும் என்கிறார் பிரையன், அதுவும் கொட்டையோடு ஒட்டிக்கொள்ளும் ரகமாக. பழம் தீய்ந்துபோகாமல் வேகத் தாராளமாகத் தண்ணீர் விடச் சொல்கிறார். ஆனால் இறக்கும்போது சாறு மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்க வேண்டும். மாவு எப்படி வேகிறது என்று அவ்வப்போது மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கடைசியில் மாவைத் தட்டில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பழத்தைப் பரப்ப வேண்டும். நிறம் பார்க்கத்தான் மூடியைத் தூக்கச் சொன்னார் என்றாலும், தூக்கும்போதெல்லாம் சட்டியில் அடைபட்ட நீராவியும் வெளியேறியது. வெந்த மாவைப் பரிமாறும் நேரம்வரை சாற்றுக்கு மேலேயே வைத்திருந்ததால் அது ஊறிக் கூழாகவில்லை. சமாளிக்க வேண்டிய எதிரி தண்ணீர் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

அவர் கேட்ட பழத்துக்கு வருவோம். பீச்சும் பாதாமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். இரண்டும் ரோஜாக் குடும்பம். பீச்சின் தாயகம் சீனா. அங்கே யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் சுமார் 7,500 ஆண்டுப் பழமையான பீச் கொட்டைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பாரசீகம் வழியாக ரோமானியர்களிடம் போய், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்களில் அமெரிக்கா சேர்ந்தது. அங்கே பூர்வகுடி மக்கள் கொட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பயிரிட்டதால், ஐரோப்பியர் கால்வைக்காத உட்பகுதிகளிலும் பீச் மரங்கள் முந்திக்கொண்டு நின்றன.

காயாக இருக்கும்போது பீச்சின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். கனியத் தொடங்கியதும் பழம் எத்திலீன் வாயுவை வெளியிடுகிறது. அந்த உத்தரவுக்குப் பணிந்து எண்டோபாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதி சுரந்து, நீண்ட பெக்டின் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. சதை நெகிழ்ந்து, கடித்தால் முழங்கைவரை சாறு வழிகிற பக்குவம் அப்படித்தான் வருகிறது. இந்த நொதிக்கான மரபணுப் பகுதியில் ஏற்படும் மாற்றங்களே பீச் ரகங்களைப் பிரிக்கின்றன. கொட்டை தானாகக் கழன்றுவரும் இளகிய சதை, கொட்டை ஒட்டிக்கொள்ளும் இளகிய சதை, கொட்டை ஒட்டிக்கொள்ளும் கெட்டிச் சதை என்று மூன்று கூட்டணிகள் உண்டு. கொட்டை கழலும் கெட்டிச் சதை மட்டும் கிடையாது. கழல்வதற்கும் இளகுவதற்கும் ஒரே கத்திதான் என்பதால் ஒன்றை விட்டு மற்றொன்று வருவதில்லை. டின்னில் அடைக்கப்படும் பீச் பெரும்பாலும் மூன்றாவது கூட்டணி. எவ்வளவு வெந்தாலும் விளிம்பு சிதையாத அந்தப் பழம் காப்ளருக்கும் ஆகும். பார்க்க ஒழுங்காக இருக்கும், அவ்வளவுதான். பிரையன் கேட்டது சிதைகிற பழம். நான் அவர் கட்சி.

கடையில் வாங்கிய பீச் சில நேரம் வெளியே அழகாக இருந்து, உள்ளே மாவுபோல் வறண்டு, சுவையற்றுப் போயிருக்கும். விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அது குளிர்பதனத்தின் வேலை. பீச்சுக்கு மிக ஆபத்தான வெப்பநிலை ஏறத்தாழ 2 முதல் 8 டிகிரி வரை. வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் ஓடுகிறது. சரியாக ஆபத்தின் நடுவில். முழுதாகக் கனியாத பழத்தை அங்கே நாட்கணக்கில் வைத்தால், பெக்டினிலிருந்து மீதைல் குழுக்களை நீக்கும் நொதி தன் வேலையைத் தொடர்கிறது. இழைகளை வெட்டும் நொதியோ முடங்கிவிடுகிறது. நீக்கப்பட்டும் வெட்டப்படாத நீண்ட பெக்டின் இழைகள் செல்களுக்கு இடையில் ஒரு கூழாக மாறிச் சாற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. பழத்தில் தண்ணீர் குறையவில்லை. வாய்க்கு வராதபடி கட்டுண்டு கிடக்கிறது. அதனால் பீச்சை முதலில் வெளியே வைத்துக் கனியவிட வேண்டும். காகிதப் பையில் போட்டு வைத்தால் எத்திலீன் உள்ளேயே தங்கி, கனிவது விரைவாகும். கனிந்தபிறகு ஓரிரு நாள் ஃப்ரிட்ஜில் வைப்பதால் கெடுதல் இல்லை.

குளிர் பழத்துக்குப் பகை, மரத்துக்கோ அத்தியாவசியம். இலையுதிர்ந்த பீச் மரம் தூக்கத்திலிருந்து விழிக்க, ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே போன மணி நேரங்கள் குறிப்பிட்ட அளவு சேர வேண்டும். ஜார்ஜியாவின் பல ரகங்கள் 600 மணி நேரத்துக்கும் மேல் கேட்கின்றன. கணக்கு நிறையாமல் வசந்தம் வந்தால் மொட்டுகள் ஒழுங்காக விரியாது. கணக்கு சீக்கிரம் நிறைந்து, முன்கூட்டியே பூத்து, அதன்பின் உறைபனி விழுந்தால் பூவோடு போயிற்று. 2017இல் மிதமான குளிர்காலமும் மார்ச் மாத உறைபனியும் சேர்ந்து ஜார்ஜியாவின் விளைச்சலில் பெரும்பகுதியை அழித்தன. 2023இல் இழப்பு 90 சதவீதத்தையும் தாண்டியது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும், குளிர் குறைவாகக் கேட்கும் ரகங்கள் காய்ப்பதும், மலையடிவாரத்துக்கு இறங்கியதும் காய்க்க மறுப்பதும் இதே கணக்கின்படிதான்.

இத்தனைக்கும் ‘பீச் மாநிலம்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஜார்ஜியா, விளைச்சலில் கலிஃபோர்னியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் பின்னால்தான் நிற்கிறது. பெயர் வந்தது 19ஆம் நூற்றாண்டில். மார்ஷல்வில் என்ற ஊரில் சாமுவேல் ரம்ஃப் என்பவர் 1870களில் ஒரு மஞ்சள் பீச்சை வளர்த்தெடுத்து, மனைவியின் பெயரால் ‘எல்பெர்டா’ என்று அழைத்தார். தூரப் பயணத்தைத் தாங்கும் சதை அதற்கு. பனிக்கட்டி வைத்து ரயிலில் அனுப்பும் வழியையும் அவர் கண்டுபிடிக்க, ஜார்ஜியாவின் பழம் நியூயார்க் சந்தையில் போய் இறங்கியது.

மஞ்சள் பீச் என்றேன். வெள்ளைச் சதைப் பீச்சும் உண்டு. மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகளை வெட்டிப்போடும் ஒரு நொதி வெள்ளைப் பீச்சில் வேலை செய்கிறது. மஞ்சளில் அதன் மரபணு பழுதுபட்டிருக்கிறது. பழுதால் கிடைத்த நிறம்தான் நமக்குப் பிடித்த நிறம். காப்ளருக்கு மஞ்சளே பொருத்தம். வெள்ளை ரகங்களில் பலவற்றுக்குப் புளிப்பு குறைவு. சர்க்கரை சேர்ந்ததும் திகட்டிவிடும். கொட்டையைச் சுற்றியுள்ள சிவப்பு, ஆந்தோசயனின் நிறமி. புளிப்புச் சாற்றில் அது இளஞ்சிவப்பாகக் கசிந்து பரவும். அந்தப் பகுதியை வழித்தெறியச் சொல்லும் செய்முறைகள் எனக்குப் புரிவதில்லை.

வாசனைக்கு வந்தால், பீச் மணக்கக் காரணம் பல சேர்மங்கள். ஆனால் ‘இது பீச்’ என்று மூக்கு முடிவு செய்வது பெரிதும் காமா-டெகாலாக்டோன் என்ற ஒன்றால். அதன் நெருங்கிய உறவான டெல்டா-டெகாலாக்டோனும் பீச்சில் இருக்கிறது. அதே டெல்டா-டெகாலாக்டோன் வெண்ணெயின் மணத்துக்கும் முக்கியக் காரணம். பீச்சுக்கும் வெண்ணெய்க்கும், பீச்சுக்கும் பாலேட்டுக்கும் ஏன் அப்படிப் பொருந்துகிறது என்பதற்கு வேதியியல் தரும் ஒரு பதில் இது. லாக்டோன்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால், காப்ளரில் விழும் வெண்ணெய் அந்த மணத்தைப் பிடித்துவைத்து நாக்கில் மெல்ல விடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை: மிட்டாய்களிலும் பானங்களிலும் சேர்க்கும் பீச் வாசனைக்கான காமா-டெகாலாக்டோனைத் தொழிற்சாலைகளில் ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். யாரோவியா என்ற ஈஸ்ட், ஆமணக்கின் ரிசினோலிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து இதைத் தருகிறது. குழந்தைப் பருவத்தில் மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்த எண்ணெய்க்குள் இப்படி ஒரு மணம் ஒளிந்திருந்தது!

சிலர் காப்ளரில் ஒரு சொட்டு பாதாம் எசென்ஸ் விடுவார்கள். பீச் கொட்டையின் பருப்பிலும் கசப்புப் பாதாமிலும் இருக்கும் அமிக்டலின் உடையும்போது வருகிற பென்சால்டிஹைடின் வாசனை அது. அதே உடைப்பில் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். எனவே எசென்ஸ் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பருப்பை உடைத்துப் போட வேண்டாம்.

இனி அடுப்படி. தோல் உரிப்பவர்கள், பழத்தின் அடியில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் முக்கினால் போதும். தோலுக்கு அடியிலுள்ள பெக்டின் மட்டும் சூட்டில் இளகியிருக்கும். உள்சதைவரை வெப்பம் போவதற்குள் ஐஸ் தண்ணீர் நிறுத்திவிடும். காய்வெட்டுப் பழத்தில் இது நடக்காது, தோல் சதையோடு பிய்ந்து வரும். நறுக்கிய துண்டுகள் கருப்பது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதியால். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அதன் புளிப்பு நொதியை மந்தமாக்கும், வைட்டமின் சி பழுப்பு நிறத்தின் முன்னோடிகளைப் பழைய நிலைக்குத் திருப்பும்.

அடுத்து சர்க்கரை. நறுக்கிய பழத்தில் சர்க்கரையைப் போட்டுப் புரட்டி அரை மணி நேரம் விட்டால் பாத்திரத்தில் சாறு குளமாக நிற்கும். துண்டின் மேற்பரப்பில் உருவாகும் அடர்ந்த பாகு, சவ்வூடு பரவல் முறையில் செல்களிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது. பலர் இதை வெறும் ஊறவைத்தல் என்று நினைத்துச் சாற்றோடு அப்படியே தட்டில் கொட்டிவிடுகிறார்கள். ஊறவைப்பதன் உண்மையான பயன் வேறு. பழத்துக்குப் பழம் சாறு வேறுபடும். மழைக்குப் பின் பறித்ததும் வெயிலில் காய்ந்ததும் ஒன்றல்ல. சாற்றை வடித்தெடுத்தால், எவ்வளவு ஈரம் வரப்போகிறது என்பது அடுப்பில் வைப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். வடித்ததில் தேவையானதை மட்டும் அளந்து திரும்ப ஊற்றலாம். மீதியைத் தனியாகச் சுண்டவைத்து அப்புறம் மேலே விடலாம். ‘போன தடவை கெட்டியாக வந்தது, இந்தத் தடவை தண்ணியாகிவிட்டது’ என்ற புலம்பலுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

மிஞ்சிய ஈரத்தைக் கட்டிப்போடுவது ஸ்டார்ச். கார்ன்ஃப்ளாரின் ஸ்டார்ச் துகள்கள் வெறும் தண்ணீரில் 62 முதல் 72 டிகிரிக்குள் உப்பி, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்க்கரை கூடினால் அது தண்ணீருக்குப் போட்டிபோடுவதால் இந்த வெப்பநிலை மேலே நகரும். அதனால்தான் ஓரத்தில் மட்டும் குமிழி வந்தவுடன் வெளியே எடுத்த காப்ளர் நடுவில் நீர்த்துக் கிடக்கிறது. நடுப்பகுதியிலும் சாறு கொதிக்க வேண்டும். குமிழிகள் பெரிதாக, மந்தமாக, ‘ப்ளப்’ என்று வெடிக்க வேண்டும். செய்முறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைவிட இந்தக் குமிழியை நம்பலாம். கார்ன்ஃப்ளார் இல்லாமல் மைதாவே போடுவதென்றால் ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும், சாறும் சற்றுக் கலங்கலாக இருக்கும். மரவள்ளி ஸ்டார்ச் கண்ணாடிபோல் தெளிவாக வரும். அதில் அமைலோஸ் குறைவு என்பதால் ஆறினாலும் இறுகிக் கட்டியாகாது.

ஆறுவது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. அடுப்பிலிருந்து இறக்கிய நிமிடத்தில் எந்தக் காப்ளரும் நீர்த்தே இருக்கும். நொய்க் கஞ்சி கொதிக்கும்போது ஓடி, ஆறியதும் திரள்கிறதல்லவா, அதே கதை. சூடு தணியும்போது அமைலோஸ் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பொறுக்காமல் கரண்டி போட்டுவிட்டு, அடுத்த முறை கார்ன்ஃப்ளாரை இரட்டிப்பாக்கிப் பசையாக்கியவர்கள் ஏராளம்.

மேல்மாவில் மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. முதலாவது, குளூட்டனை அடக்குவது. கோதுமைப் புரதங்கள் ஈரத்தில் பிணைந்து இழுவையாவது பரோட்டாவுக்கு வேண்டும், இங்கே வேண்டாம். தென்மாநிலங்களின் கதகதப்பான ஈரக் காற்றில் விளையும் மென்கோதுமையில் புரதம் குறைவு. 1883இலிருந்து டென்னசியின் நாக்ஸ்வில்லில் வளர்ந்த ‘வைட் லில்லி’ மாவுக்கு அங்கே அவ்வளவு மவுசு இருப்பது அதனால். நம் மைதாவில் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் கலந்து, கட்டி முட்டியாக இருக்கும்போதே பிசைவதை நிறுத்தினால் ஏறக்குறைய அதே மென்மை வரும். இரண்டாவது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைப் பட்டாணி அளவில் உதிர்த்துச் சேர்ப்பது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குபோல் தண்ணீர். மாவு வெந்து உறைவதற்குள் வெண்ணெய்த் துணுக்கு உருகி, விட்டுச்சென்ற பொந்தில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்குகிறது. கையின் சூட்டில் வெண்ணெய் முன்பே உருகிவிட்டால் பொந்தும் இல்லை, அடுக்கும் இல்லை.

மூன்றாவது வேலை பேக்கிங் பவுடருடையது. பிரையன் புத்தகம் எழுதியபோது அது பிறக்கவே இல்லை. 1843இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்தாளுநர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக ஒன்றைத் தயாரித்தார். 1850களில் ஹார்வர்டு பேராசிரியர் எபென் ஹார்ஸ்ஃபோர்டு, ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகும் திராட்சை மது வண்டலுப்புக்குப் பதிலாக, எலும்பிலிருந்து எடுத்த கால்சியம் பாஸ்பேட்டைப் புளிப்பாகப் பயன்படுத்தினார். சமையல் சோடாவும் ஓர் அமில உப்பும் ஈரத்தில் சந்தித்தால் கார்பன் டை ஆக்சைடு வரும் என்பதுதான் அடிப்படை. இன்றைய பவுடரில் இரண்டு அமில உப்புகள்: ஒன்று மாவு நனைந்ததும் வேலை செய்யும், மற்றது ஓவன் சூடேறும்வரை காத்திருக்கும். மோர் விட்டுப் பிசைந்தால் அதன் லாக்டிக் அமிலத்துக்கு ஈடாகக் கொஞ்சம் சோடா கூடுதலாகப் போடலாம். அமிலம் போதாமல் சோடா மிஞ்சினால் சோப்பு நாற்றம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பலருக்குக் காப்ளர் கெடுவது எல்லைக்கோட்டில்: மாவின் அடிப்புறமும் பழச்சாறும் தொடும் இடத்தில். மேலிருந்து பார்த்தால் பொன்னிறம். கரண்டியால் புரட்டினால் அடியில் வேகாத பசை. காரணம், மாவின் மேற்பக்கத்தை 190 டிகிரிக் காற்று சூடாக்குகிறது. அடிப்பக்கத்தைச் சூடாக்குவது பழம்தான். குளிர்ந்த பழத்தின்மேல் மாவை வைத்தால், பழம் சூடேறும் அரை மணி நேரமும் மாவின் அடி ஈரத்தில் ஊறுகிறது. அதற்குள் பேக்கிங் பவுடரின் வாயு கசிந்து தீர்ந்துவிடும். அப்புறம் கொதிநிலை வந்து என்ன பயன்? வழி எளிது. பழத்தை மட்டும் முதலில் ஓவனில் வைத்து, சாறு கொதிக்கத் தொடங்கியபின் மாவை வைக்க வேண்டும். அப்போது அடியிலிருந்தும் உடனே நூறு டிகிரி ஆவி தாக்கும். ஸ்டார்ச்சும் புரதமும் விரைந்து உறைந்து சாறு மேலேறும் வழியை அடைக்கும். மாவுக் குவியல்களுக்கு நடுவே இடைவெளி விடுவதும் அழகுக்காக இல்லை. பழத்தின் ஆவி வெளியேற அதுவே புகைபோக்கி. குவியலின் நடுவில் வெப்பமானியைக் குத்தி 93 டிகிரி காட்டினால் உள்ளே வெந்துவிட்டது.

கரைத்த மாவு வகை இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் தீர்க்கிறது. ஒரு கப் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால் என்று பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு அது. தட்டில் உருகிய வெண்ணெய், அதன்மேல் மாவு, அதன்மேல் பழம். எக்காரணம் கொண்டும் கலக்கக்கூடாது. ஓவனுக்குள் மாவில் வாயுக் குமிழிகள் பெருகப் பெருக அதன் அடர்த்தி குறைகிறது. பழத் துண்டுகளைத் தாங்கும் தெம்பு அதற்குப் போய்விடுகிறது. துண்டுகள் அமிழ, மாவு அவற்றைச் சுற்றிக்கொண்டு மேலெழுகிறது. சர்க்கரை அதிகம் இருப்பதால் ஸ்டார்ச் உறைவது தாமதமாகிறது. இந்த இடமாற்றம் முடிய அந்தத் தாமதமே அவகாசம் தருகிறது. ஓரங்களில் ஏறிய வெண்ணெயில் மாவு பொரிந்து கருஞ்சிவப்பாகும். வீட்டில் போட்டி அந்த ஓரத்துக்குத்தான்.

பொன்னிறத்துக்குப் பின்னால் இருப்பது 1912இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீ மயார் விவரித்த வினை. அமினோ அமிலங்களும் ஒடுக்கும் சர்க்கரைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணங்களையும் பழுப்பு நிறமிகளையும் உண்டாக்கும். ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் வேகம் பிடிக்கும், ஆகவே மேற்பரப்பு காய்ந்தாக வேண்டும். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை நேரடியாக இதில் சேராது. பாலின் லாக்டோஸ் சேரும். மாவின்மேல் பாலோ பாலேடோ தடவுவது நிறம் பிடிக்க உதவுவது அதனால்.

ஜார்ஜியாவின் ஃபோர்ட் வேலியில் நடக்கும் பீச் திருவிழாவில், செங்கல் அடுப்பு கட்டி 11 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள தட்டில் காப்ளர் சுடுகிறார்கள். கேட்டால் மலைப்பாக இருக்கும். வெப்பத்துக்கோ நீள அகலம் ஒரு பொருட்டல்ல. அது மேலும் கீழுமாகத்தான் பயணம் செய்கிறது. ஆழம்தான் கணக்கு. வெப்பக் கடத்தலால் மட்டும் சூடாகும் பண்டத்தில் கனம் இரு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பத்துப் பேர் விருந்துக்கு வருகிறார்கள் என்று அதே தட்டில் பழத்தை உயரமாகக் குவிப்பவருக்கு வரும் தொல்லை, அகலமான தட்டை எடுப்பவருக்கு வராது.

மறுநாள் மிச்சம் இருந்தால், ராத்திரியே பழத்தின் ஈரம் மேல்மாவுக்கு ஏறியிருக்கும். மாவின் ஸ்டார்ச்சும் இறுகி ரப்பராகியிருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் இறுகிய ஸ்டார்ச் இளகும், ஆனால் அது சூடாக்குவது ஈரத்தை. மாவு வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததுபோல் நமத்து நிற்கும். 175 டிகிரி ஓவனில் மூடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் மேற்பரப்பு மறுபடி காய்ந்து மொறுமொறுக்கும். தென்மாநிலத்தார் சிலர் இந்த வம்பே வேண்டாமென்று ஆறியதை அப்படியே எடுத்து, குளிர்ந்த பால் ஊற்றிக் காலை உணவாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.